ஆவணித் திவசத்துக்கு மறுநாள் எண்ணிய ஒன்பது

தென்காசி
10-12-1989

சிரஞ்சீவி ஹரிஹரசுப்பிரமணியனுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். இங்கே நான் க்ஷேமம். நீயும் விஜயமும் குழந்தையும் அங்கே க்ஷேமமாக இருக்க வேண்டும் என்று காசிவிசுவநாதரிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். நல்ல வார்த்தை இத்தோடு முடிந்தது, இனி வருவதைக் கோபப்படாமல் வாசி, கோபம் வந்தாலும் கடைசி வரைக்கும் வாசி. உன் கடிதம் போன மாதம் வந்தது. உள்ளே வழவழவென்று நாலு பக்கக் காகிதத்தில் உங்கள் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருக்கும் மெஷினின் படம். லேசர் வெளிச்சத்தில் ஒரு நிமிஷத்துக்குள் பத்தாயிரம் வெள்ளணுக்களை எண்ணிவிடும், எது எந்தக் கிளை என்று பிரித்தும் சொல்லும் என்று எழுதியிருக்கிறாய். ரொம்ப சந்தோஷம். நம் லேப் டாக்டரிடம் காட்டினேன், அவர் விலையைப் பார்த்துவிட்டு, இந்தக் காசுக்கு உங்க தெருவையே ரெண்டு வரிசையும் வாங்கிப்போடலாமே மாமி என்று சிரித்தார். அந்தக் காகிதத்தை இப்போது என் மைக்ரோஸ்கோப்பின் மேல் தூசி விழாமல் போட்டு மூடுகிறேன், நல்ல கனமான காகிதம். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்றும் வழக்கம்போலக் கேட்டிருக்கிறாய். விழுகிறது. ஐப்பசி மழைக்கு மெயினருவியில் யாரையும் குளிக்க விடாமல் கயிறு கட்டிவிட்டார்கள், இப்போது அவிழ்த்தாகிவிட்டது. அருவியைப் பற்றி மறக்காமல் கேட்கிற நீ சுடலைக்கண்ணுவைப் பற்றி ஒரு வரி கேட்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அவனை உனக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறதே என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது. புளியங்குடியிலிருந்து இங்கே வந்து படித்து, பள்ளிக்கூடத்தில் ஐந்து வருஷம் உன் பக்கத்தில் உட்கார்ந்தவன், நம் வீட்டுப் பின்கட்டில் உன்னோடு சேர்ந்து தோசை தின்றவன். நீ மருத்துவக் கல்லூரியில் சேர மதராசுக்குக் கிளம்பிய அன்று ரயில் டிக்கெட் கிடைக்காமல் நீ அழுதுகொண்டு நின்றபோது, புளியங்குடியிலிருந்து எலுமிச்சை ஏற்றிப்போன லாரியில் கிளீனராக இருந்தவன் டிரைவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி உன்னை ஏற்றிக்கொண்டு போனான். முன்சீட்டை உனக்குக் கொடுத்துவிட்டு அவன் மூட்டைமேல் உட்கார்ந்து வந்தான் என்று நீயே அப்போது எழுதினாய். பிற்பாடு அவனே டிரைவரானான், வடகரையில் மாரித்தாயைக் கட்டினான், ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. போன வருஷம் பம்பாயில் விபத்தில் அடிபட்ட யாரோ டிரைவருக்கு ரத்தம் கொடுக்கப் போன இடத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு, எய்ட்ஸ் கிருமி இருக்கிறது, உன் ரத்தம் வேண்டாம் என்று ஒரு சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மதராசில் மறுபடி பார்த்ததிலும் அதே நோய்தான். அந்தச் சீட்டை வீட்டில் காட்டாமல் முதலில் என்னிடம்தான் கொண்டுவந்தான். மாரித்தாய்க்கும் குழந்தைக்கும் ரத்தசோகை பார்க்கிறேன் என்று பொய் சொல்லி ரத்தம் எடுத்து மதராசுக்கு அனுப்பினேன், இரண்டு பேருக்கும் இல்லை என்று வந்தது. இதில் நான் கும்பிட்டுக்கொள்ளும் விஷயம் அது ஒன்றுதான். அவன் அழவில்லை. வண்டி ஓட்டலாமா கூடாதா, அத மட்டும் சொல்லுங்க மாமி, ஓட்டிக்கிட்டே போகையில திடுதிப்புன்னு விழுந்துட்டா பின்னால வாரவன் என்ன ஆவான் என்று கேட்டான். மருந்து இல்லாத வியாதி என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இன்னும் எவ்வளவு தெம்பு உடம்பில் பாக்கி இருக்கிறது என்பதுதான் அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதற்குத்தான் உனக்கு எழுதினேன்.

நீ பதில் எழுதினாய், இல்லை என்று சொல்லவில்லை. மெஷின் எல்லாம் வருவதற்கு முன் நாங்கள் இப்படித்தான் எண்ணினோம் என்று ஒரு பக்கம் எழுதி, வெள்ளணுவைப் பிரிக்கும் திரவம் இரண்டு சின்ன பாட்டிலை மதராசுக்கு வந்த உன் சிநேகிதரிடம் கொடுத்தனுப்பினாய். செம்மறியாட்டின் சிவப்பணுக்களை நம் வெள்ளணுக்களோடு கலந்து ஒரு ராத்திரி ஐஸ்பெட்டியில் வைத்தால், உடம்பைக் காக்கிற அந்த ஜாதி அணுக்களைச் சுற்றி மட்டும் ஆட்டு அணுக்கள் வெல்லத் துணுக்கை எறும்பு மொய்ப்பதுபோல ஒட்டிக்கொள்ளும், நூறு அணுவில் எத்தனையைச் சுற்றி மொய்த்திருக்கிறது என்று எண்ணினால் போதும் என்றாய். வியாதி தின்கிற கிளையை மட்டும் இது தனியாகக் காட்டாது, மொத்தக் குடும்பத்தையும் சேர்த்துத்தான் காட்டும், ஆனாலும் ஒன்றுமில்லாத இடத்துக்கு இது பரவாயில்லை என்றும் எழுதினாய். எண்ணிக்கை ரொம்பக் குறைகிற சமயம் பார்த்து நம் ஊர் மருந்துக்கடையிலேயே கிடைக்கிற சல்பா மாத்திரையைத் தொடங்கினால் நெஞ்சுச் சளி வந்து சாவதைத் தள்ளிப்போடலாம் என்றும் சொன்னாய். எனக்கு அது ஒன்றே போதுமாக இருந்தது. உன் அப்பா போன பிறகு லேப் வேலை கற்றுக்கொண்டு இருபத்துநாலு வருஷமாக இந்த ஊர் ரத்தத்தை எண்ணுகிறவள், எனக்கு எண்ணத் தெரியாதா?

ஆட்டு ரத்தத்துக்கு எங்கே போவது? பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடன் கறிக்கடை. மடி ஆசாரம் பார்க்கிறவள் விடியற்காலையில் பாட்டிலும் கையுமாகக் கறிக்கடை வாசலில் நிற்கிறாள் என்று தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் பேசினார்கள். பெருமாள் கோயில் கைங்கர்யத்தில் என்னைச் சேர்க்க வேண்டாம் என்றுகூடச் சொல்லிவிட்டார்கள். போகட்டும். உறையாமல் இருக்க மருந்துத் தண்ணீர் ஊற்றி வைத்த பாட்டிலை அறுத்த கழுத்துக்குக் கீழே நானே பிடித்து வாங்கினேன். முதல் நாள் எனக்குத் தலை சுற்றியது, மாடன் ஒரு முக்காலியைப் போட்டு, உங்களுக்கு எதுக்கும்மா இந்தப் பாடு என்றான். வைகாசியில் முதலில் என் ரத்தத்தைப் பார்த்தேன், நூற்றுக்கு அறுபத்தாறு. டாக்டருக்கு அறுபத்திரண்டு. சுடலைக்கண்ணுவுக்கு நாற்பத்தெட்டு. குறைவுதான், ஆனாலும் தெம்பான எண். தாராளமாக ஓட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வா என்றேன். அன்றைக்கு அவன் சிரித்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும். அடுத்த நடையில் ஒரு சாக்கு எலுமிச்சை கொண்டுவந்து போட்டான், ஊறுகாய் போட்டு ஒரு ஜாடி உனக்கும் எடுத்து வைத்தேன், கொண்டுபோகத்தான் யாரும் வரவில்லை.

இரண்டாவது முறை ஆவணியில் வந்தது, அதுதான் கெட்டது. உன் அப்பா திவசத்தன்று வந்தான். வண்டி அன்றைக்குத்தான் ஊர் சேர்ந்தது, மறுநாள் மறுபடி கிளம்ப வேண்டும், அவனைத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. லீவு கிடைக்காது, இங்கே திவசம் பண்ணிவைக்கிற வாத்தியாரும் கிடைக்கமாட்டார், அங்கேயே நடத்திவிடு அம்மா என்று நீ எழுதிவிட்டாயே, பதினோராவது வருஷமாக உன் சித்தப்பா பிள்ளை லட்சுமிநாராயணன் உனக்குப் பதிலாகத் தர்ப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பிள்ளை இல்லாத குறைக்கு நானாவது மடி குறையாமல் இருக்க வேண்டாமா? அதனால் அன்றைக்குக் கறிக்கடைக்குப் போகவில்லை. லேப் பெருக்குகிற ஆவுடைத்தாயிடம் பாட்டிலைக் கொடுத்தனுப்பினேன். பிராமணர்கள் சாப்பிட்டுப் போன பிறகு நாலு மணிக்குச் சுடலைக்கண்ணு வந்தான், அவன் ரத்தத்தைக் கையுறை போட்டுக்கொண்டு எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் கூடவே என் ரத்தத்தையும் ஒரு குழாயில் போடுவேன், நல்ல உடம்புக்கு அறுபத்துச்சொச்சம் வந்தால்தான் மற்ற எண்ணையும் நம்பலாம் என்று. அன்றைக்கு என் கையில் ஊசி குத்திக்கொள்ளவில்லை. திவசத்தன்று பெற்ற பிள்ளை பக்கத்தில் இல்லாதது போதாதென்று உடம்பிலிருந்து ரத்தமும் சிந்துவானேன் என்று விட்டுவிட்டேன். டாக்டரும் ஊரில் இல்லை. ஆட்டு அணுக்களைக் கழுவும்போது தண்ணீர் மூன்றாவது தடவையும் இளஞ்சிவப்பாகவே வந்தது, பார்த்தேன், மனது அப்போது கருணைக்கிழங்கு வேகவில்லை என்று வாத்தியார் சொல்லிவிட்டுப் போனதில் இருந்தது. மறுநாள் காலையில் எண்ணினால் ஒன்பது. இருநூறு, முந்நூறு என்று எண்ணிப் பார்த்தும் நூற்றுக்கு ஒன்பதுதான்.

எனக்குச் சந்தேகம் வந்தது ஹரி, வராமல் இல்லை. சரியாகத் தெரியவில்லை, அடுத்த நடை போய்விட்டு வா என்று அவனை அனுப்பிவிட்டேன். இன்னொருமுறை பார்க்கலாம் என்றால் நீ அனுப்பிய திரவம் அத்தோடு தீர்ந்துபோயிருந்தது. உனக்கு அவசரமாக எழுதினேன், நாற்பத்தெட்டு மூன்று மாதத்தில் ஒன்பதாகுமா, தப்பு எங்கே வரக்கூடும், இன்னொரு பாட்டில் உடனே அனுப்பு என்று மூன்றும் கேட்டேன். புரட்டாசியில் உன் பதில் வந்தது. முழுவதும் எனக்கு மனப்பாடம். இந்த வியாதியில் இப்படித் திடீரென்று விழுவது உண்டு, ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, வேலையை விடச் சொல், வீட்டில் சொல்லி ஆயத்தப்படுத்து, நான் கான்பரன்சுக்குப் போகிறேன், திரவம் பிறகு அனுப்புகிறேன். இவ்வளவுதான். கூட ஒரு நல்ல ரத்தத்தைப் போட்டுப் பார்த்தாயா என்று நீ கேட்கவில்லை. உங்கள் லேபில் ஒரு பெண் அப்படிப் போடாமல் எண் கொண்டுவந்தால் நீ வாங்கிக்கொள்வாயா? தூர எறிவாய். அம்மா கொண்டுவந்த எண்ணை அப்படியே வாங்கிக்கொண்டாய், சாகப்போகிறவன் புளியங்குடிக்காரன்தானே என்று. இப்படி எழுதினால் உனக்குச் சுருக்கென்று இருக்கும், இருக்கட்டும். குற்றம் முழுவதையும் உன் தலையில் கட்டவில்லை. எண்ணிய கண் என்னுடையது, சொன்ன வாயும் என்னுடையது.

அவன் வந்தான், சொன்னேன். எத்தன மாமி என்று கேட்டான். ஒன்பது என்றேன். விரல்விட்டு எண்ணுகிற மாதிரி தன் கையையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, அப்ப சாவிய ஓனர்ட்ட குடுத்துரட்டா என்றான். ஆமாம் என்றேன். வேலையை ஏன் விட்டாய் என்று மாரித்தாய் கேட்டால் என்ன சொல்லுவான்? சொன்னான். அவள் தன் அம்மாவிடம் சொன்னாள், ஒரே வாரத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துபோயிற்று. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் வடகரைக்குப் போய்விட்டாள். கூடப்பிறந்த அண்ணன் அவனைத் தோட்டத்துப் பம்புசெட் அறையில் போட்டு, ஒரு அலுமினியத் தட்டை மட்டும் தனியாகக் கொடுத்தான். அவன் படுத்த பாயையும் போர்வையையும் கொளுத்தினார்கள். தோட்டத்துக்கு வேலைக்கு வருகிற பெண்கள் பம்புசெட் பக்கத்து வரிசை மரத்தில் மட்டும் காய் பறிக்கமாட்டோம் என்றார்களாம். நான் பார்க்கப் போனபோது கிணற்றடியில் உட்கார்ந்து அந்தத் தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான், உடம்பில் ஒரு குறையும் தெரியவில்லை. சாகக் காத்திருக்கிறவனுக்கு நல்ல பசி எடுக்குது மாமி, அதான் வெக்கமா இருக்கு என்றான்.

தீபாவளிக்கு முதல்நாள்தான் எனக்குப் புத்தி வந்தது. உன் திரவம் தேவைப்படாத வேறொரு சோதனைக்கு ஆட்டு ரத்தம் வாங்க மாடன் கடைக்குப் போயிருந்தேன், நல்ல கூட்டம். அவன் ஆட்டின் கழுத்துக்குக் கீழே ஒரு வாயகன்ற பாத்திரத்தை வைத்தான், அதற்குமுன் இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றி ஒரு கை கல்லுப்பும் போட்டான். எதற்கு என்று கேட்டேன். ரத்தம் பாத்திரத்துல ஒட்டாதும்மா, பொரியலுக்கும் உப்பு சாரும், எங்க அப்பன் காலத்துலேருந்து இப்படித்தான் பிடிக்கோம் என்றான். ஆவணியில் ஆவுடைத்தாய் வந்தபோது எப்படிக் கொடுத்தாய் என்றேன். கூட்டமா இருந்துச்சு, பாத்திரத்துலேருந்து ஊத்திக் குடுத்தேன், அதுவும் இதே ரத்தந்தானம்மா என்றான். அவனை என்ன சொல்ல? அளவில்லாமல் உப்புப் போட்ட தண்ணீர் பட்டால் சிவப்பணு கெட்டு, கழுவும்போது வெடித்துவிடும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? தெரிந்தவள் மடி உடுத்திக்கொண்டு வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். கார்த்திகையில் உன் படக்காகிதத்தோடு கொடுத்தனுப்பிய பாட்டில் வந்து சேர்ந்தது. அன்றைக்கே மாடன் பாத்திரத்து ரத்தத்தை வேண்டுமென்றே வாங்கி என் ரத்தத்தோடு போட்டேன். எனக்குப் பதினொன்று வந்தது. அந்தக் கணக்குக்கு நானும் பம்புசெட் அறையில் படுக்க வேண்டியவள். மறுநாள் நானே கழுத்தடியில் பாட்டிலைப் பிடித்து வாங்கிவந்து போட்டேன், எனக்கு அறுபத்தைந்து. சுடலைக்கண்ணு முதலில் கையை நீட்டமாட்டேன் என்றான், கெஞ்சி எடுத்தேன். நாற்பத்தாறு ஹரி, நாற்பத்தாறு. வைகாசியில் இருந்தவன் இருந்த இடத்திலேயேதான் இருந்திருக்கிறான்.

அவன் காலில் விழுந்திருப்பேன், வயது தடுத்தது. என் தப்பு என்று மட்டும் சொன்னேன், எதனால் என்றும் ஒளிக்காமல் சொன்னேன். ரத்தம் எடுத்த கையை மடக்கி விரித்துப் பார்த்தான். பிறகு, கை நல்லாத்தான் இருக்கு மாமி, இனி எந்த ஓனரு இந்தக் கையில சாவி குடுப்பான் என்றான். உன்மேல் அவனுக்குக் கோபமில்லை, அதையும் எழுதிவிடுகிறேன், ஹரிக்கு இதெல்லாம் எழுதாதிய, தூரதேசத்துல மனசு சங்கடப்படுவான் என்றான். அதனால்தான் விடாமல் எழுதுகிறேன். மறுநாள் பஸ் ஏறி வடகரைக்குப் போனேன். மாரித்தாய் வாசல்படியில் நின்று, உள்ளே வாருங்கள் என்று சொல்லாமல், அன்னைக்கு ஒம்போதுன்னும் நீங்கதான் சொன்னிய, இன்னைக்கு நாப்பத்தாறுன்னும் நீங்கதான் சொல்லுதிய, நாளைக்கு என்ன சொல்லுவியளோ, நான் பிள்ளய வச்சுக்கிட்டு இருக்கேன் என்றாள். அதற்குப் பதில் உன்னிடம் இருந்தால் எனக்கு எழுது. நான் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். சுடலைக்கண்ணு இப்போது வாரம் ஒருமுறை தென்காசிக்கு வருகிறான். லேப் வாசலில் உட்கார்ந்திருக்கிறான், நான் உள்ளே கூப்பிட்டு அவனுக்கும் எனக்கும் ஒரே மாதிரி டம்ளரில் காபி ஊற்றுகிறேன். டாக்டர் பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறார். இவனைப்போல இன்னும் இரண்டு பேர், ஒருவன் பட்டாளத்திலிருந்து வந்தவன், ராத்திரி வண்டியில் வந்து விடிவதற்குள் ரத்தம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். மெஷின் வருகிற காலம்வரை இந்தக் கண்ணும் மாடன் கடை ஆடும்தான் அவர்களுக்கு இருக்கிறது.

நீ நன்றாக இரு, விஜயத்துக்கும் குழந்தைக்கும் என் ஆசீர்வாதம், குளிர்காலத்தில் குழந்தையைக் காது மூடாமல் வெளியே கொண்டுபோகாதே. படக்காகிதம் இனி அனுப்ப வேண்டாம், யார் இந்தப் பக்கம் வந்தாலும் திரவம் நாலு பாட்டில் கொடுத்தனுப்பு, அதை மறந்தால் கடிதமும் எழுதாதே. ஊறுகாய் ஜாடியைச் சுடலைக்கண்ணுவிடம் கொடுத்துவிட்டேன், அது அவன் எலுமிச்சைதான். ஞாபகமாக இன்னொன்று. அடுத்த ஆவணியில் அப்பா திவசத்தை நீயே அங்கே எள்ளும் தண்ணீரும் வைத்து நடத்திக்கொள், லட்சுமிநாராயணனிடம் சொல்லியாயிற்று, இந்த வீட்டில் இனி நடக்காது. அன்றைக்கு விடியற்காலையில் நான் கறிக்கடைக்குப் போக வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ருக்மிணி